கொழுப்பாசுர வதம்

நிறை பார்க்கிற மெசின் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று சந்தியிலிருந்து வாசல் மட்டும் மாவிலைத் தோரணம் தொங்கியது. சுன்னாகத்துக்கும் உடுவிலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மகா வித்தியாலயம் அது. பெயரைச் சொன்னால் பழைய மாணவர் சங்கம் சண்டைக்கு வரும், அதிலும் கனடாக் கிளை முதல் ஆளாக வரும், ஆகவே பெயர் கிடக்கட்டும். மெசினைச் சந்தியில் வான் வண்டியிலிருந்து இறக்கி, பட்டு விரித்த மேசையில் இருத்தி, பாண்ட் வாத்தியம் முன்னே போக மாணவ முதல்வர்கள் சுமந்து வந்தார்கள். வாசலில் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, மெசினுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. பொட்டு நேராக இலக்கம் தெரிகிற கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டதால் கடைசி இலக்கத்தை அதற்குப் பிறகு ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. பொட்டை அழிப்பது அபசகுனம், கடைசி இலக்கத்தைக் குத்துமதிப்பாய்ப் போட்டால் போதும் என்று அதிபர் குணலட்சுமி சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் காலையிலிருந்தே மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். கல்வி வலயத்தில் உடற்றகைமைக்கென்றே புதிதாக ஒரு கதிரை செய்து அதில் இருத்தப்பட்ட அதிகாரி தம்பிஐயாதான் பிரதம விருந்தினர். அவர் வந்த ஜீப் வாசலில் நிற்காமல் மைதானத்தின் நடுவால் ஓடி, மேடைப் படியோடு ஒட்டி நின்றது. இறங்கினார், மாலையை வாங்கினார், மூச்சு வாங்கினார், தண்ணீர் குடித்தார், மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! இன்று இப்பாடசாலையில் ‘கொழுப்பற்ற தலைமுறை’ என்னும் மாபெரும் இயக்கம் உதயமாகிறது. எமது இளஞ்சமுதாயத்திடம் தேகப்பயிற்சி அருகிவிட்டது. வாகனத்தில் வரும்போது என் கண்ணாலேயே கண்டேன். எத்தனையோ பிள்ளைகள் கொளுத்தும் வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வருகிறார்கள். எவ்வளவு நேரம் வீணாகிறது! அந்த நேரத்தில் தேகப்பயிற்சியின் நன்மைகள் என்று ஒரு கட்டுரையை மனனம் செய்திருக்கலாம் அல்லவா?”

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள், தட்டாவிட்டால் பேச்சு நீளும் என்பது அவர்களுக்குத் தெரியும். நடுவில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கப் போன பிள்ளைகளும் மயங்கி விழ, அவர்களைத் தூக்க ஆள் தேட வேண்டியதாயிற்று. “பார்த்தீர்களா? இதற்காகத்தான் இந்தத் திட்டம்” என்ற தம்பிஐயா, உற்சாகம் கூடி இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்.

இதையெல்லாம் உதயகலா றோல்ஸ் தட்டும் கையுமாகச் சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எண்ணெயில் பொரிக்கிற றோல்ஸ், பற்றீஸ், உழுந்துவடை எல்லாம் அவள் வீட்டுக் குசினியிலிருந்துதான் வரும். புருசன் சிவகரன் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்கு லொறி ஓடுகிறவன், வீட்டில் கிடப்பது அருமை. ஒரே மகள் தர்மிகா அங்கேதான் ஒன்பதாம் தரம் படிக்கிறாள். தர்மிகா கொஞ்சம் பருத்த பிள்ளை. கொஞ்சம் என்பது தாயின் அளவை. ஊரின் அளவை வேறு, அதை ஊர் ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொல்லும்.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஓட விருப்பம். பிள்ளைகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று இல்லங்களாய்ப் பிரித்து வருசா வருசம் வைக்கிற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் மரதன் ஓட்டம் என்று ஒன்று வைப்பார்கள். ஊர் வீதியை ஒருக்கால் சுற்றி வருகிற ஓட்டந்தான், மரதன் என்பது மரியாதைப் பெயர். முதலாவதாக வருகிறவருக்குக் கிண்ணம். ஓடி முடிக்கிற மற்ற எல்லாருக்கும் அவரவர் இல்லத்துக்கு ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காகத் தர்மிகா ஓடுவாள். கிண்ணம் வென்றவள் வீட்டுக்குப் போய் முழுகிச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் இவள் ஓடிக்கொண்டிருப்பாள். கடைசி ஆள் இவள்தான், ஆனால் ஒரு வருசமும் நடுவில் நின்றதில்லை. சலூன்காரர் வெளியே வந்து தலையில் தண்ணீர் ஊற்றுவார். கோயிலடிப் பெட்டைகள் “தர்மி, விடாதை, விடாதை!” என்று கூவுவார்கள். நீல இல்லம் முழுக்க வாசலில் நின்று கத்திக் கத்தியே அவளை உள்ளே இழுத்துவிடும். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளைக்குப் புழுகம் தாங்காது, இரவு நித்திரையிலும் சிரிப்பாள்.

இந்த வருசம் தைப்பொங்கல் முடிந்த கையோடு விடியற்காலையில் எழும்பிக் கோயில் வெளிவீதியில் ஓடத் தொடங்கியிருந்தாள். நாய்க்குக் காவலாக உதயகலா சைக்கிளில் பின்னால் போவாள்.

“அம்மா, இந்தமுறை ஒராளையெண்டாலும் முந்துவன், இருந்து பாருங்கோ” என்பாள் மூச்சு வாங்கிக்கொண்டு. உலகத்திடம் அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான்.

மெசினில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அலுவல் ஒரு கிழமை நடந்தது. ஏறி இறங்கியவர்களின் சட்டையில் ரிபன் குத்துவதென்று வலயம் தீர்மானித்திருந்தது. அளவானவர்களுக்குப் பச்சை, மெலிந்தவர்களுக்கு மஞ்சள், பருத்தவர்களுக்குச் சிவப்பு. அங்கேதான் பிசகிப்போயிற்று. சிவப்பு இல்லத்துப் பழைய மாணவர்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள். எங்கள் இல்லத்தின் நிறத்தைக் கொழுப்புக்கு எப்படிக் கொடுக்கலாம், பரம்பரை மானம் போயிற்றே என்று கனடா ஸ்காபரோவிலிருந்து ஒருவர் முகநூல் நேரலையில் அழுதார். பச்சை இல்லமோ, தங்கள் நிறம் அளவானவர்களுக்குப் போனது முற்றிலும் நியாயம் என்று ஒரு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆலோசனைக் கூட்டம் மேல் கூட்டம் கூடி, தட்டுத் தட்டாக றோல்ஸ் தீர்ந்து, கடைசியில் எந்த இல்லத்துக்கும் சொந்தமில்லாத நாவல் நிறத்தைப் பருத்தவர்களுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. பிள்ளையின் நெஞ்சில் இப்படியொன்றைக் குத்தத்தான் வேணுமோ என்று அத்தனை கூட்டத்திலும் ஒரு குரல் கேட்கவில்லை. பிரச்சினை நிறத்தைப் பற்றியது, அது தீர்ந்துவிட்டது.

தர்மிகா நாவல் ரிபனோடு வீட்டுக்கு வந்தாள்.

“உதென்ன பிள்ளை, வடிவாயிருக்கு! பரிசோ?” என்றாள் உதயகலா, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு.

“குண்டாம் அம்மா” என்று சொல்லிவிட்டுத் தர்மிகா கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இயக்கம் சூடு பிடித்தது. உடற்கல்விப் பாடவேளையில் பிள்ளைகளை மைதானத்துக்கு விடுவது நின்றது. வகுப்பில் இருத்தி, ஓடுவதால் வரும் நன்மைகளைச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார்கள். இயக்கத்தின் நிறைவு விழாவுக்குப் புல் வளர வேண்டும் என்று மைதானத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார்கள். சிற்றுண்டிச்சாலையில் பிள்ளைகளுக்கு றோல்ஸ் விற்கக்கூடாது, இலைக்கஞ்சிதான் என்று கட்டளை வந்தது. இலைக்கஞ்சி ஒரு நாள் காய்ச்சினார்கள், படம் எடுத்தார்கள், அதோடு சரி. ஆனால் கொழுப்பைக் குறைப்பது பற்றிய கூட்டங்கள் நாளுக்கு நாள் கூடினபடியால் உதயகலாவின் வியாபாரம் ஒரு துளியும் குறையவில்லை. போன கூட்டத்துப் பற்றீஸ் கொஞ்சம் காய்ந்து கிடந்தது, அடுத்தமுறை எண்ணெயில் நன்றாய்த் தோய எடுக்கும்படி மேலிடம் சொல்லியனுப்பியது.

மரதனுக்கு முன்னால் வலயத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. போன வருசம் ஏதோவொரு பள்ளிக்கூடத்தில் கடைசியாய் ஓடி வந்த பிள்ளையை யாரோ படமெடுத்து முகநூலில் போட, அது கொழும்பு மட்டும் போய் அவமானமாய்ப் போயிற்றாம். ஆகவே இனிமேல் மரதன் ஓட்டத்தில் எந்தப் பிள்ளையும் கடைசியாக வரலாகாது.

உடற்கல்வி ஆசிரியர் பிரணவன் இளந்தாரி, வேலைக்குப் புதிது. தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார்.

“மிஸ், ஓட்டமெண்டால் ஆரோ ஒராள் கடைசியா வரத்தானே வேணும்?”

“அது உம்மடை பயிற்சியிலை உள்ள குறை பிரணவன்” என்றார் அதிபர் குணலட்சுமி. “சுற்றுநிருபத்திலை ஒரு பிழையும் இல்லை.”

பயிற்சி ஓட்டம் வைத்துப் பார்த்தார்கள். தர்மிகா கடைசியாக வந்தாள். அவளின் பெயரை வெட்டினார்கள். அடுத்த நாள் ஓடவிட, அவளுக்கு முன்னால் வருகிறவள் கடைசியாக வந்தாள், அவளையும் வெட்டினார்கள். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. ஒவ்வொரு நாளும் எப்படியோ ஒருத்தி கடைசியாக வந்துவிடுவது அதிபருக்குப் பெரிய தலையிடியாகப் போயிற்று. இந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துழைப்பு மனப்பான்மை இல்லை என்று கூட்டத்தில் வருத்தப்பட்டார்.

உதயகலாவை அதிபர் அழைப்பித்தபோது, வடையில் உப்புக் கூடிப்போச்சோ என்ற பயத்தோடுதான் போனாள். அறையில் குணலட்சுமியும் தம்பிஐயாவும் இருந்தார்கள். நடு மேசையில் அவள் காலையில் கொண்டுவந்து வைத்த பற்றீஸ்.

“உதயகலா, உம்மடை பிள்ளை வலயத்தின்ரை சராசரியைக் கெடுக்குது” என்றார் குணலட்சுமி. “வீட்டிலை என்ன சாப்பாடு குடுக்கிறனீர்?”

“சோறு, புட்டு, சொதி, கீரை... எல்லாரும் சாப்பிடுறதுதான் மிஸ்.”

“எண்ணெய்ச் சாமான்?”

“இல்லை மிஸ். அதெல்லாம் இஞ்சைதானே வருகுது.”

தம்பிஐயா பற்றீஸைக் கடித்தபடி தலையை ஆட்டினார். “பெற்றாருக்கு விழிப்புணர்வு காணாது.”

உதயகலா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரிய ஆட்களோடு கதைக்க அவளுக்கு வராது. ஆனாலும் பிள்ளை மூன்று நாளாய் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

“சேர், அவளுக்கு அந்த ஓட்டம் எண்டால் உயிர். கடைசியா வந்தாலும் அவள் கவலைப்படமாட்டாள். ஓடட்டுமேன். ஓடினால் மெலிவள்தானே?”

“ஓடினால் மெலிவினம். அதை நான் மறுக்கேல்லை” என்றார் தம்பிஐயா பொறுமையாக. “ஆனால் அம்மா, மெலிஞ்ச பிறகுதான் ஓட விடலாம். அதுதான் ஒழுங்கு. எல்லாரும் தங்கடை பாட்டுக்கு ஓட வெளிக்கிட்டால் பிறகு திட்டம் என்னத்துக்கு?”

உதயகலாவுக்கு விளங்கவில்லை. விளங்காதது தன் படிப்புக் குறைவு என்று நினைத்துக்கொண்டாள். அவளின் கண்ணில் தண்ணீர் முட்டுவதைக் கண்டு தம்பிஐயா இரங்கினார். நல்ல மனுசன், கண்ணீரைக் கண்டால் இரங்குவார்.

“உங்கடை பிள்ளையை நாங்கள் ஒதுக்கேல்லை. நிறைவு விழாவிலை முக்கியமான பாத்திரம் அவளுக்குத்தான். கோயிலிலை சூரன்போர் நடக்குமெல்லோ, அதுமாதிரி ‘கொழுப்பாசுர வதம்’ எண்டு ஒண்டு செய்யிறம். அசுரன் உங்கடை மகள். முழுப் பள்ளிக்கூடத்திலும் அந்தத் தகுதி அவளுக்குத்தான் இருக்கு. வடிவாய்ச் செய்தாளெண்டால் அடுத்த வருசம் மரதனிலை விடுவம். நான் பொறுப்பு.”

சொன்னால் நம்பமாட்டீர்கள், உதயகலாவுக்குச் சந்தோசமாயிருந்தது. ஒன்றுமில்லையென்று வெட்டிவிட்ட பிள்ளைக்கு ஒரு பாத்திரமாவது கிடைத்ததே. பெரிய ஐயாவே பொறுப்பென்று சொல்லிவிட்டார். வழியில் இரண்டு மூன்று பேரை மறித்து, “என்ரை பெட்டைக்கு விழாவிலை முக்கிய பாத்திரமாம்” என்று சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

தர்மிகா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அடுத்த வருசம் உண்மையா விடுவினமோ அம்மா?”

“ஓம் குஞ்சு. அவர் என்ரை முகத்துக்கு நேரை சொன்னவர்.”

“அப்ப செய்யிறன்.”

அதோடு அடுத்த கரைச்சல் தொடங்கியது. அடுத்த வருசம் ஒருவரும் வெட்ட முடியாதபடி இப்போதே மெலிந்துவிட வேண்டும் என்று பிள்ளை விடியற்காலையில் முந்தியதை விடக் கூட ஓடினாள், இராச்சாப்பாட்டைக் கோப்பையோடு தள்ளி வைத்தாள். “ஒரு வாய் சாப்பிடு பிள்ளை” என்று உதயகலா பின்னால் திரிந்தாள். கோயில் வீதியில் ஓடுகிற பிள்ளையைக் காரில் போன அதிபர் கண்டுவிட்டார். அன்றைக்கே ஆள் வந்தது. அசுரன் மெலிந்தால் வதத்துக்கு அர்த்தம் என்ன? விழா முடியும் மட்டும் பிள்ளை ஓடக்கூடாது, நடக்கவும் கனக்க வேண்டாம், ஓட்டோவில் வந்து போகட்டும். ஒத்திகை முடிய அசுரனுக்கு மட்டும் விசேட அனுமதியோடு றோல்ஸ் கொடுக்கப்படும். கொழுப்பற்ற தலைமுறை இயக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி உண்மையாய்க் கவலைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

உதயகலா அன்றிரவு மகளுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்து, “அவை சொல்லுகினம், சாப்பிடு” என்றாள். ஒத்திகை முடியத் தான் பொரித்த றோல்ஸைப் பிள்ளை மருந்து மாதிரி விழுங்குவதைச் சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்று பார்த்தாள். என்ன செய்வது, ஒரு வருசத்து ஓட்டம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

மரதன் நடந்தது. ஒவ்வொரு நாளும் கடைசி ஆளை வெட்டிக்கொண்டு வந்ததில் பெண்கள் பக்கத்தில் ஆரணி என்கிற மெலிந்த பிள்ளை மட்டும் மிஞ்சியிருந்தாள். முன்னால் ஜீப், பின்னால் அம்புலன்ஸ், நடுவில் ஆரணி. ஊர் வேலியோரமாய் வாய் பிளந்து நின்று பார்த்தது. சலூன்காரர் தண்ணீர் வாளியோடு நெடுநேரம் காத்திருந்துவிட்டு, “எங்கை எங்கடை பிள்ளை?” என்று கேட்டார். ஆரணி முதலாவதாக வந்து கிண்ணத்துக்குக் கை நீட்டியபோது, கடைசியாக வந்ததும் இவள்தானே என்று தம்பிஐயாவுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கிண்ணம் பிடித்து வைக்கப்பட்டது. அழுத ஆரணியைச் சமாதானப்படுத்த அவளுக்கும் நிறைவு விழாவில் ஒரு பாத்திரம் கொடுத்தார்கள்.

விழா நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. உதயகலா விடியப்புறமே எழும்பி விருந்தினர் பந்தலுக்கு வேண்டியதெல்லாம் பொரித்துக் கொடுத்துவிட்டு, நல்ல சேலை உடுத்துப் பெற்றார் வரிசையில் முன்னால் போய் இருந்தாள். மைதானத்தின் மற்றப் பக்கத்தில் மாமரம் வரைந்த ஒரு பெரிய சீலை கட்டியிருந்தது. மேளம் அடிக்க அசுரன் வந்தான்.

தூரத்திலிருந்து பார்க்கத் தர்மிகா அவ்வளவு பருத்த பிள்ளையாய்த் தெரியவில்லை என்று சித்திர ஆசிரியை உடுப்புக்குள் பஞ்சு திணித்திருந்தார். வயிற்றில் பஞ்சு, முதுகில் பஞ்சு, துடையில் பஞ்சு. தலையில் காகிதக்கூழில் செய்த கொம்பு முகம். சூரனுக்குத் தலை மாற்றுகிற மாதிரி அசுரனுக்கும் மாற்றினார்கள். முதலில் றோல்ஸ் தலை, பிறகு சோடாப் போத்தல் தலை, பிறகு ஐஸ்கிறீம் தலை. தலைக்குத் தலை சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சின்ன வகுப்புப் பெடியள் “குண்டா, குண்டா!” என்று கத்த, “சத்தமாய், இன்னும் சத்தமாய்!” என்று மைக்கில் ஊக்கம் கொடுத்தார்கள்.

பிள்ளை வடிவாய்த்தான் செய்கிறாள் என்று உதயகலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அசுரன் மேல் வேல் எறிவது பிரதம விருந்தினர்தான் என்பது ஏற்பாடு. தம்பிஐயா மேடையில் நின்றபடியே எறிந்தார். வேல் மேடைப் படியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி எறிந்தார், கொடிக்கம்பத்தடியில் விழுந்தது. மைதானம் பெரிது, அவருக்கோ தோள்மூட்டில் வருத்தம். கடைசியில் அறிவிப்பாளர், “அசுரனே, சற்று முன்னால் வா” என்றார். அசுரன் முன்னால் வந்தான். “இன்னும் வா.” இன்னும் வந்தான். பஞ்சு மூட்டையோடு, கொம்பு முகத்தோடு, வெயிலுக்குள்ளால் அந்தப் பிள்ளை மேடைக்குக் கிட்ட மட்டும் நடந்து வந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றாள். வேல் பட்டது. பட்டதும் திரும்பி, அவ்வளவு தூரமும் தள்ளாடித் தள்ளாடிப் போய் மாமரச் சீலைக்குப் பின்னால் விழ வேண்டும். அப்படியே போய் விழுந்தாள்.

சூரன் மயிலும் சேவலுமாய் ஆட்கொள்ளப்படுகிற இடம் அடுத்தது. மேளம் மாறியது. அதே சீலைக்குப் பின்னாலிருந்து வெள்ளை உடுப்பும் கிரீடமுமாய் ஆரணி துள்ளி வந்தாள். “கொழுப்பு அழிந்தது! ஆரோக்கியம் பிறந்தது! பாருங்கள், அதே மாணவி!” என்று மைக் அலறியது. சனம் எழும்பி நின்று கை தட்டியது. எல்லாரும் தட்டினார்கள், உதயகலாவும் தட்டினாள். ஒருபடியாய் முடிந்ததே என்ற ஆறுதலில் தட்டினாள்.

பிறகு பேச்சு. தம்பிஐயா ஆரணியின் தோளில் கை வைத்துக்கொண்டு பேசினார்.

“இந்த இயக்கத்தில் ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் கைவிடவில்லை என்பதற்கு இவளே சாட்சி! எங்களுடைய வெற்றியை முன்னிட்டு அடுத்த வருடத்திலிருந்து மரதன் ஓட்டம் முற்றாக நிறுத்தப்படுகிறது. ஓட்டம் இருந்தால் அல்லவா கடைசி என்று ஒன்று இருக்கும்? இந்த மைதானத்தில் குளிரூட்டப்பட்ட உடற்றகைமை மண்டபம் ஒன்று எழும். எஞ்சிய இடத்தில் விருந்தினர் வாகனங்கள் நிற்கும்.”

மறுபடியும் கை தட்டல். உதயகலாவின் கை மடியிலேயே கிடந்தது. அவர் என்ரை முகத்துக்கு நேரை சொன்னவர், என்ரை முகத்துக்கு நேரை சொன்னவர் என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

விருந்தினர் பந்தலுக்குப் போய்ச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஆரணியோடு நின்று படம் எடுத்தார்கள். தர்மிகாவைக் காணவில்லை. வகுப்பில் இல்லை, கிணற்றடியில் இல்லை. உதயகலா மைதானத்தைச் சுற்றி ஓடி, மாமரச் சீலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பிள்ளை விழுந்த இடத்திலேயே கிடந்தாள். பஞ்சு உடுப்புக் கழற்றவில்லை. கொம்பு முகத்தை மட்டும் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். முகம் வேர்வையில் ஊறி, உதடு வெடித்திருந்தது.

“ஐயோ என்ரை பிள்ளை! எழும்பு. எழும்பு, வீட்டை போவம்.”

“தம்பிஐயா சேர் போயிட்டாரோ?”

“இல்லை. சாப்பிட்டுக்கொண்டு நிக்கினம்.”

“அப்ப எழும்பக்கூடாது. அவை போற மட்டும் ஆரும் என்னைக் காணக்கூடாதெண்டு மிஸ் சொன்னவ. கண்டால் அடுத்த வருசம் ஓட விடமாட்டினமாம்.”

ஒலிபெருக்கிப் பெட்டி அவளின் தலைமாட்டிலேயே இருந்தது. உதயகலா பெட்டியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

“தர்மி, அவர் மைக்கிலை சொன்னது உனக்குக் கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

“பேந்தென்னத்துக்கடி இந்த வெயிலுக்குள்ளை கிடக்கிறாய்?”

பிள்ளை பக்கத்தில் கிடந்த கொம்பு முகத்தைக் கையால் திருப்பி வைத்தாள்.

“எல்லாரும் ஆரணியைப் பாத்துக் கை தட்டிட்டினம் அம்மா. அதுதான் நானாம். இனி நான் எப்பிடி வெளியாலை வாறது?”

உதயகலா சேலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள்.

“சீலையிலை ஒரு ஓட்டை இருக்கு. அதுக்குள்ளாலை பாத்தனான்” என்றாள் தர்மிகா. குரலில் கோபம் இல்லை, மழை வரும்போல கிடக்கு என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். “நீங்களும் தட்டினனீங்கள்.”

இல்லையென்று சொல்ல முடியுமா? தட்டியவள்தானே. பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சு உடுப்பின் கட்டை ஒவ்வொன்றாய் அவிழ்த்தாள். சீலையை இழுத்து எறிந்துவிட்டு, இந்தா இருக்கிறாள் என்ரை பிள்ளை, பாருங்கோடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. எழும்பக்கூடப் பார்த்தாள். பந்தலில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, திரும்ப இருந்துவிட்டாள். விருந்தினரை வழியனுப்பப் பாண்ட் வாத்தியம் தொடங்கியது. ஜீப் மைதானத்தைக் கடந்து போகிற சத்தம் ஓயும் மட்டும் தாயும் மகளும் அந்தச் சீலைக்குப் பின்னால் குனிந்து இருந்தார்கள்.